மக்காத நீலத் துணி

இயற்கைத் தாயைக் கும்பிடுகிறவர்கள் அவள் மேலேயே காரை நிறுத்துகிறார்கள். இதைச் சொல்வதால் எங்கள் வழிபாட்டு வட்டத்தில் எனக்குக் கெட்ட பெயர். விவசாயி டென்சிலின் வயல் கதவோரம் காட்டு ஆர்கிட் பூக்கிற துண்டுப் புல்வெளி ஒன்று உண்டு. ஒவ்வொரு பண்டிகைக்கும் சரியாக அதன் மேல்தான் எல்லாருடைய சக்கரமும் ஏறும். இறங்கியதும் கைகோத்து நின்று, "தாயே, உன் மேல் மெல்ல நடப்போம்" என்று உருகுவார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

என் பெயர் டாம்சின். வட்டத்தின் சடங்குச் சாமான்கள் என் பொறுப்பு. தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். என் காரின் டிக்கி பெரியது, அவ்வளவுதான். கிண்ணம், கோல், உப்புத் தட்டு, இரும்புக் கொப்பரை, இரண்டு கத்திகள். கறுப்புப் பிடி போட்ட கத்தி எதையும் வெட்டக் கூடாது. அது காற்றில் வட்டம் வரைய மட்டும். மூலிகை அறுக்க, நூல் நறுக்க வெள்ளைப் பிடிக் கத்தி. போன அறுவடைப் பண்டிகையில் வெள்ளைக் கத்தி கொப்பரைக்கு அடியில் மாட்டிக்கொண்டு அகப்படவில்லை. கறுப்புக் கத்தி கையிலேயே இருந்தது. ஆனாலும் எங்கள் தலைமைப் பூசாரி லவ்டே, கல் போல வெந்துபோன ரொட்டியைத் தன் முழங்காலில் அடித்துத்தான் உடைத்தாள். விதி என்றால் விதி. நியூலின் துறைமுகத்தில் மீன் விற்றுப் பழகிய குரல் அவளுக்கு. அந்தக் குரலில் சொன்னால் எதுவும் விதிதான்.

நாங்கள் கூடுவது டென்சிலின் கீழ் வயலில், ஊற்றுக்குப் பக்கத்தில் நிற்கும் மே மரத்தடியில். மே மாதம் வெள்ளையாகப் பூத்துத் தள்ளும் முள்மரம். உடம்புக்கு முடியாதவரின் உடுப்பிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, ஊற்றில் நனைத்து, அதன் கிளையில் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். துணி மக்க மக்க நோவும் மறையும். பருத்தியும் கம்பளியும் கட்டிய காலத்தில் இது ஒழுங்காக நடந்தது. இப்போது கட்டுகிறவர்கள் என்ன கட்டுகிறார்கள்? பரிசுப் பெட்டி ரிப்பன். ஷூ கயிறு. நாய்ப் பட்டை. ஒரு பிரா வார். எல்லாம் பிளாஸ்டிக் நூல். நான் செத்து மண்ணாகிப் போன பிறகும் அது அப்படியே தொங்கும். மக்காத துணியைக் கட்டிவிட்டு, நோவு ஏன் போகவில்லை என்று மரத்தையே கேட்கிறார்கள்!

மார்ச்சில் பகலும் இரவும் சமமாகும் பண்டிகைக்குப் போனபோதுதான் அதைக் கவனித்தேன். மரத்தின் பெரிய கவட்டையில் ஒரு நீலத் துணி, முறுக்கிக் கயிறாக்கி, இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. அதற்கு மேலே மரப்பட்டை வீங்கிப் பிதுங்கி, துணியைப் பாதி விழுங்கியிருந்தது. கீழ்க்கிளைகளில் துளிர் வந்துவிட்டது. மேலே ஒன்றும் இல்லை, வெறும் முள்.

டென்சில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிறு தவறாமல் மெதடிஸ்ட் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போகிற மனுஷர். எங்களுக்கு வயலை விட்டதே பெரிய விஷயம்.

"என்ன கண்ணு, உங்க சாமி மூச்சு முட்டிச் சாகுது போல?"

"அது சாமி இல்ல டென்சில். மரம்."

"மரத்துக்கு மட்டும் கழுத்து இல்லையா? மேல பாரு, ஒரு இலை உண்டா? பாதி மரம் செத்தாச்சு. மே மாசம் முடியட்டும். மேல துளிர்க்கலன்னா ரம்பத்த எடுத்துட்டு வந்துருவேன்."

"ரம்பமா? இந்த மரத்தையா?"

"பின்ன என்ன செய்யச் சொல்ற? உங்கள்ல ஒருத்தர் மண்டையில விழுந்துச்சுன்னா நான்தானே பதில் சொல்லணும். பூசாரியம்மா மண்டைன்னா பரவால்ல, மரம்தான் உடையும்."

சிரித்தேன். ஆனால் கண் மேல் கிளைகளை விட்டு நகரவில்லை. எனக்குக் கடவுள், தேவதை, மந்திரம் எதிலும் அவ்வளவு பிடிப்பு இல்லை. அந்த மரத்தின் மேல் உண்டு. அதற்காகத்தான் இந்தக் கூட்டத்தை எல்லாம் சகித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த வாரமே லவ்டேயின் சமையலறையில் கூடினோம். "எல்லாத்தையும் அறுத்து எறியலாம். நாளைக்கே நான் போறேன்," என்றேன்.

நான் ஏதோ குழந்தையை அறுக்கப் போவதாகச் சொன்ன மாதிரி எல்லாரும் பார்த்தார்கள்.

"கட்டுன கைதான் அவுக்கணும்," என்றாள் லவ்டே. "அது ஒருத்தரோட வேண்டுதல் டாம்சின். நீ பாட்டுக்கு அறுத்தா, அந்த நோவு உன் தலையில வந்து விடியும்."

"விடியட்டும். எனக்கு ஏற்கெனவே முதுகு வலி, இன்னொண்ணு வந்தா துணைக்கு ஆச்சு."

"விளையாடாத. தெர்சா வச்ச விதி அது."

தெர்சா பெயரைச் சொன்னால் நான் வாயை மூடிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். இந்த வட்டத்தை ஆரம்பித்ததே தெர்சாதான். கறுப்புப் பிடிக் கத்தியும் அவளுடையது. மழையோ பனியோ, விடிந்ததும் கடலில் போய்க் குதிப்பாள்; துவட்டிக்கொண்டே அடுத்த வேலைக்கு ஓடுவாள். எதிலும் அவசரம். புற்றுநோய் வந்தபோது போனதும் அப்படியே அவசரமாகத்தான். அவள் போய் மூன்று குளிர்காலம் ஆகிறது.

சரி, விதிப்படியே செய்வோம் என்று கட்டியவர்களை எல்லாம் போன் போட்டு வரவழைத்தேன். ஏப்ரல் முழுக்க அதே பிழைப்பு. வந்தவர்களுக்குத் தங்கள் ரிப்பன் எது என்றே தெரியவில்லை. "என்னோடது ஊதா." "இல்ல, இது என் அத்தை மூட்டு வலிக்குக் கட்டினது." "உன் அத்தை செத்துப் பத்து வருஷம் ஆச்சே, இப்ப என்ன மூட்டு வலி?" இப்படி முள்ளுக்குள் கையை விட்டுக்கொண்டு சண்டை. சுற்றுலாக்காரர்கள் கட்டிவிட்டுப் போன அநாதைத் துணிகளுக்கு மட்டும் லவ்டே மனம் இரங்கினாள்; ஊற்று நீரைத் தெளித்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வெள்ளைக் கத்தியால் அறுக்கச் சொன்னாள். மூட்டை கட்டிக் குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோனவள் நான்தான், வேறு யார்.

கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. கவட்டையை நெரித்துக்கொண்டிருந்த அந்த நீலத் துணி. அது தெர்சாவின் நீச்சல் உடுப்பிலிருந்து கிழித்தது. எல்லாருக்கும் தெரியும். கட்டியவர் அவள் புருஷன் ஹெட்லி.

ஹெட்லி மீன்பிடி படகில் இருந்தவர். வேண்டாத வார்த்தை ஒன்று பேச மாட்டார். தெர்சா பின்னிக் கொடுத்த கருநீலக் கம்பளிச் சட்டைதான் வெயிலிலும் மழையிலும். மணிக்கட்டில் நூல் பிரிந்து தொங்கும். யாரையும் தைக்க விட மாட்டார். நான் போன் செய்தபோதெல்லாம், "பாக்கலாம்மா" என்றார். ஒருமுறை முழங்கால் வலி. ஒருமுறை மழை. எங்கள் ஊரில் மழையைக் காரணம் சொன்னால் கல்யாணம்கூட நடக்காது. லவ்டேயைப் பேசச் சொன்னேன். "பாவம் விடு, அவரா வருவாரு" என்று நழுவினாள். நோயாளிக்காகக் கட்டிய துணி; நோயாளியே போய்ச் சேர்ந்துவிட்டாள்; இனி அந்தத் துணிக்கு அங்கே என்ன வேலை? இதை ஹெட்லியின் முகத்துக்கு நேரே கேட்க ஒருவருக்கும் தைரியம் இல்லை. மரம் மட்டும் செத்துக்கொண்டிருந்தது.

மே முதல் நாள், கோடையை வரவேற்கும் பெல்டேன் பண்டிகை. ஊரில் பாதி பாட்ஸ்டோ ஊருக்கு மே தின ஆட்டம் பார்க்கப் போய்விட்டது. எங்கள் ஆட்கள் வழக்கம் போல ஆர்கிட் மேல் காரை ஏற்றிவிட்டு, தலையில் பூவளையத்தோடு இறங்கினார்கள். ஹெட்லியும் வந்திருந்தார். கொப்பரையில் நெருப்பு மூட்டினோம். லவ்டே கறுப்புக் கத்தியைக் காற்றில் நீட்டி, மரத்தையும் எங்களையும் சுற்றி வட்டம் வரைந்தாள். வட்டம் மூடிவிட்டால், கத்தியால் அதில் ஒரு வாசலைத் திறக்காமல் உள்ளே இருப்பவர் வெளியே போகவோ வெளியே இருப்பவர் உள்ளே வரவோ கூடாது. டென்சில் வேலி மேல் சாய்ந்து, இறைச்சி பொதிந்த பாஸ்டி ஒன்றைத் தின்றுகொண்டிருந்தார். எங்கள் பண்டிகைகளில் அவர் ஒன்றைக்கூட விட்டதில்லை.

"இந்தக் கோடைக்கு நீங்க மண்ணுக்கு என்ன குடுக்கப் போறீங்க?" என்று லவ்டே ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டே வந்தாள். ஒருத்தி அன்பைக் கொடுத்தாள். ஒருவன் தன் ஒளியைக் கொடுத்தான். இன்னொருத்தி நன்றியைக் கொடுத்தாள். தலைக்கு மேலே கிளை வறண்டு நின்றது. என் முறை வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் ஒண்ணும் குடுக்கப் போறதில்ல," என்றேன். "ஒளியும் அன்பும் வச்சு இந்த மரம் என்ன செய்யும்? அதுக்கு வேணுங்கறது ஒரே ஒரு முடிச்ச அவுக்கறது. ஹெட்லி, ஒரு மாசமா கெஞ்சிட்டிருக்கேன். அதுக்கு மேல ஒத்த இலை இல்ல. இந்த மாசம் முடிஞ்சா ரம்பம். தெர்சா இருந்திருந்தா உங்கள விட்டு வச்சிருப்பாளா?"

"டாம்சின்!" என்றாள் லவ்டே.

"என்ன டாம்சின்? நீங்க யாரும் கேக்கலைல்ல. அவளுக்கு நோவு தீரணும்னு கட்டுனீங்க, சரி. அவ போயே போயிட்டா. இனிமே அது யாருக்காக அங்க தொங்குது?"

ஹெட்லி வட்டத்தின் விளிம்பைப் பார்த்தார். வெளியே போக வழி இல்லை. தொங்கும் நூலை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"அவ நோவுக்கு நான் கட்டுனது இது இல்ல," என்றார்.

"பின்ன?"

"அதுக்குக் கட்டுனது அவ ராத்திரிச் சட்டை. பருத்தி. நல்லா மக்கிருச்சு. ஒரு குளிர்காலம்கூடத் தாங்கல. நோவும் போச்சு, அவளும் போயிட்டா." கவட்டையைக் காட்டினார். "இது, அவள அடக்கம் பண்ணிட்டு வந்து கட்டுனது."

 கொப்பரையில் விறகு வெடித்தது.

"எல்லாரும் சொன்னீங்க, கொஞ்ச நாள் போனா சரியாயிடும்னு. நீயும் சொன்ன டாம்சின், என் அடுப்படியில நின்னு. எனக்குச் சரியாக வேணாம். வலை பின்னுன கைம்மா இது. நைலான் மக்காதுன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் கட்டினேன். இழுக்க இழுக்க இறுகுற முடிச்சு போட்டேன்."

நான் ஒரு மாதமாக வளர்த்து வைத்திருந்த கோபம் அப்படியே என் கையில் நின்றது. எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் மேல் பரிதாபமாக வந்தது. உடனே அந்தக் கிளையைப் பார்த்தேன். அதன் மேலும் பரிதாபம் வந்தது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு எனக்கு மறுபடி எரிச்சல்தான் வந்தது.

"ஹெட்லி," என்றேன்.  "துக்கத்த நீங்களே வச்சுக்குங்க. ஒருத்தரும் கேக்க மாட்டோம். மரத்தோட கழுத்த மட்டும் விட்டுடுங்க. அதுக்கும் அவளுக்கும் என்ன பகை?"

ஹெட்லி விரலில் சுற்றிய நூலை விட்டார். பிறகு போய் முடிச்சில் கை வைத்தார். பட்டை அதை மூடியிருந்தது. நகத்தால் நோண்டினார், முள் கிழித்தது, ரத்தம் வந்தது. முடிச்சு அசையவில்லை.

"கத்தி குடு," என்றார் என்னிடம்.

வெள்ளைக் கத்தி எங்கே? டிக்கியில், வட்டத்துக்கு வெளியே. மற்றவர்கள் மறந்தால் நான் என்னவெல்லாம் பேசியிருப்பேன்!  ஹெட்லி லவ்டேயின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். அவள் கையில் தெர்சாவின் கறுப்புக் கத்தி. லவ்டே அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"இது எதையும் வெட்டக் கூடாது ஹெட்லி. அவளே சொன்னது."

"தெரியும். குடு."

லவ்டே கொடுத்துவிட்டாள். முழங்காலில் ரொட்டி உடைத்தவள்! ஹெட்லி துணியில் கத்தியை வைத்து இழுத்தார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி இழுத்தார். எதையும் வெட்டாத கத்திக்குக் கூர் எங்கிருந்து வரும்? வாழ்நாள் முழுக்கக் காற்றை மட்டும் அறுத்த கத்தி. அவர் அறுக்க அறுக்க நைலான் நெளிந்து கொடுத்தது, அவ்வளவுதான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"ஏ கண்ணு, என்கிட்ட பேனாக்கத்தி இருக்கு," என்று டென்சில் வேலியைத் தாண்டி வந்தார்.

"அங்கேயே நில்லுங்க!" லவ்டேயின் மீன் சந்தைக் குரல். "வட்டம் மூடியிருக்கு!"

டென்சில் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார். கண்ணுக்குத் தெரியாத கோட்டுக்கு முன்னால் ஒரு மெதடிஸ்ட் அப்படி மரியாதையாக நின்றதை நான் பார்த்ததே இல்லை.

"சரிம்மா, வாசல் எந்தப் பக்கம்?"

லவ்டே ஹெட்லியிடமிருந்து கறுப்புக் கத்தியை வாங்கி, காற்றில் ஒரு வாசலை மேலிருந்து கீழாக அறுத்துத் திறந்தாள். டென்சில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அதன் வழியாக உள்ளே வந்தார். பேனாக்கத்தியைக் கால்சட்டையில் துடைத்து ஹெட்லியிடம் கொடுத்தார். ஹெட்லி ஒரே இழுப்பில் அறுத்தார்.

துணி உரிந்து வந்தபோது அதன் அடியில் வழுவழுவென்று ஒரு வளையத் தழும்பு. டென்சில் அதற்கு மேலே நகத்தால் கீறிப் பார்த்தார். "கொஞ்சம் பச்சை இருக்கு. தேறுமான்னு தெரியல. சொன்ன சொல்லு சொன்னதுதான், மாசக் கடைசி."

நீலத் துணியை ஹெட்லி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் தன் சட்டையின் மணிக்கட்டைத் தூக்கி, தொங்கிய நூலைப் பிடித்து இழுத்தார். பின்னல் சுற்றுச் சுற்றாகப் பிரிந்து வந்தது. ஒரு முழத்துக்குப் பிரித்துப் பல்லால் கடித்து அறுத்தார். ஊற்றில் நனைத்து, துளிர்த்திருந்த ஒரு சின்னக் கிளையில், விரல் நுழைகிற அளவுக்கு இளக்கமாகக் கட்டினார். முடியாதவரின் உடுப்பிலிருந்துதான் கிழிக்க வேண்டும் என்பது வழக்கம். அதை அவர் மீறவில்லை.

"கம்பளி," என்றார் என்னிடம். "மக்கும்ல?"

"மக்கும்."

"எவ்வளவு நாளாகும்?"

"நம்ம ஊரு மழைக்கு ரொம்ப நாள் ஆகாது."

"அவசரம் ஒண்ணும் இல்ல," என்றார் ஹெட்லி.

மாதக் கடைசியில் டென்சில் போன் செய்தார். மேல் கிளையில் அங்கங்கே இரண்டொரு மஞ்சள் இலை எட்டிப் பார்த்ததோடு சரி, இதை எல்லாம் துளிர் என்று சொல்ல முடியாது, மறுநாள் காலை ரம்பத்தோடு வருகிறேன் என்றார். ஹெட்லியை ஏற்றிக்கொண்டு போனேன். லவ்டே எங்களுக்கு முன்பே வந்து, கவட்டைக்குக் கீழே கைகளை விரித்து நின்றிருந்தாள். என் மண்டையில் விழட்டும், பார்க்கலாம் என்ற தோரணை. அன்றைக்கு முதல்முறையாக அவளைக் கட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது. அவள் கார் என்னவோ ஆர்கிட் மேல்தான் நின்றது.

"ஹெட்லி, உங்க நூலைக் காணோம்!" என்று கத்தினாள். "எவனோ அவுத்துட்டான். கட்டுன கைதான் அவுக்கணும்னு தலைபாடா அடிச்சுக்கறேன், இந்த ஊர்ல ஒருத்தனாவது கேக்கறானா?"

உண்மைதான். சின்னக் கிளை வெறுமையாக இருந்தது. ஹெட்லி அதைத் தொட்டுப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில், எடுத்தவன் கிடைத்திருந்தால் ஊற்றிலேயே முக்கியிருப்பேன்.

டென்சில் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, எங்கே வெட்டுவது என்று பார்க்க ஏணியில் ஏறினார். கவட்டை வரை போனவர் அப்படியே நின்றார். ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். மெதடிஸ்ட் வாயில் வரக் கூடாத வார்த்தை.

"என்ன ஆச்சு?"

"கூடு," என்றார். "குஞ்சு இருக்கு, வாயப் பொளந்துட்டு. கூடு இருக்கற மரத்துல கை வைக்கக் கூடாதும்மா, சட்டம். இனி குஞ்சு பறந்தாத்தான். அப்புறம் எனக்கு வைக்கோல் வேலை. எலே, இந்தப் பாழாப்போன மரத்துக்கு இன்னும் ஒரு கோடை கிடைச்சிருச்சு!"

நான் ஏணியில் ஏறிப் பார்த்தேன். தழும்புக்குச் சற்று மேலே, முள்ளுக்கு நடுவில் ஒரு சிறு கூடு. பாசி, குதிரை மயிர், காய்ந்த புல். அவற்றை எல்லாம் சேர்த்துப் பிடித்தபடி, உள்ளே சுற்றுச் சுற்றாக ஒரு கருநீலக் கம்பளி நூல்.

இறங்கி வந்து ஹெட்லியிடம் சொன்னேன். லவ்டே வாயைத் திறந்தாள். பறவைகளுக்கு என்ன விதி என்று யோசித்திருப்பாள். ஒன்றும் அகப்படாமல் மூடிக்கொண்டாள்.

ஹெட்லி ஏணியில் ஏறினார். முழங்கால் வலி என்று சொன்ன அதே ஆள். மேலே போய்க் கூட்டுக்குள் எட்டிப் பார்த்தார். தோள் குலுங்கியது, அழுகிறார் என்று நினைத்து ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மக்கறதுக்குள்ள எடுத்துட்டா பாரு," என்றார். "எப்பவும் அவளுக்கு அவசரம்தான்."